கிளிப்புக்கும் ஈறுக்கும் நடுவே இருக்கும் அந்த இரண்டு மில்லிமீட்டர்

கிளிப் கழற்றும் நாள். பல்லெல்லாம் வரிசைக்கு வந்திருக்கும். கண்ணாடியைக் கையில் கொடுத்ததும் சிலர் முகம் சுருங்கிவிடும். பிராக்கெட், அதாவது கம்பியைப் பிடித்துவைக்கப் பல்லில் ஒட்டும் சின்னத் துண்டு, ஒட்டியிருந்த சதுரம் நல்ல நிறத்தில் இருக்க, அதைச் சுற்றி, முக்கியமாக ஈறுப் பக்கத்தில், சுண்ணாம்பைத் தீற்றியதுபோல ஒரு வெள்ளைப் பிறை தெரியும். இது சிகிச்சை முடியும்போது திடீரென்று வருவதில்லை. பல் தேய்ப்பது சரியாக இல்லாவிட்டால் நாலே வாரத்தில் தொடங்கிவிடும். ஒரு தடவை கம்பி மாற்றிவிட்டு அடுத்த தடவை வருகிற இடைவெளி அவ்வளவுதான்.

கிளிப் போட்டால் பல் கெட்டுவிடும் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வது இதைப் பார்த்துத்தான். அவர்கள் பார்த்தது உண்மை, காரணம் வேறு. சாதாரணமாக உதடும் கன்னமும் நாள் முழுக்கப் பல்லை உரசித் துடைத்துக்கொண்டே இருக்கும். பிராக்கெட் ஒட்டியதும் உதடு அதன் மேல் ஏறி நின்றுவிடும். பிராக்கெட்டுக்கும் ஈறுக்கும் நடுவே இரண்டு மூன்று மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு வாய்க்கால் உண்டாகிவிடும். அங்கே படிகிற மாவு மாதிரியான படலத்தில் கிருமிகள் குடியேறி, நாம் சாப்பிடும் சர்க்கரையையும் மாவையும் அமிலமாக்கும். அமிலம் கூடக் கூட இறங்கும் பி.எச். அளவு வாயில் 5.5-க்குக் கீழே போனால், பல்லின் மேலுறையான எனாமலிலிருந்து கால்சியம் கரையத் தொடங்கும். எச்சில் அதைப் பழைய நிலைக்குக் கொண்டுவர அரை மணி முதல் ஒரு மணி நேரம் பிடிக்கும். சிகிச்சை முழுக்க நாம் காப்பாற்ற வேண்டியது பெரும்பாலும் இந்த வாய்க்காலைத்தான்.

வேலை கிளிப் ஒட்டுவதற்கு முன்பே தொடங்குகிறது. பல்லில் கெட்டியாகப் படிந்த காரையைக் கிளீனிங் செய்து எடுத்து, சொத்தைகளை அடைத்து, ஈறில் ரத்தக்கசிவு நின்ற பிறகுதான் பிராக்கெட் ஒட்ட வேண்டும். கிளீனிங் செய்தால் பல் ஆடும் என்று தள்ளிப்போடாதீர்கள். காரை அடைத்திருந்த இடம் காலியாவதால்தான் அப்படித் தோன்றுகிறது. ஒட்டுவதற்கு முன் பற்களைத் தெளிவாகப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களைப் போல நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகமுள்ள ஊர்களில் வளர்ந்தவர்களுக்குப் பல்லில் ஏற்கெனவே வெள்ளைத் திட்டோ பழுப்புக் கறையோ இருக்கும். எது பழையது, எது கிளிப்பால் வந்தது என்று பின்னால் சொல்ல அந்தப் போட்டோதான் சாட்சி. அப்படிப்பட்ட எனாமலில் பசை பிடிப்பதும் சற்றுக் கடினம், அதனால் பிராக்கெட் கழன்று வருவதும் கூடுதலாக இருக்கலாம்.

வாங்க வேண்டியது அதிகமில்லை. மென்மையான நாருள்ள ஒரு பிரஷ். நடுவில் பள்ளம் வெட்டிய ஆர்த்தோ பிரஷ் கிடைத்தால் நல்லது. பாட்டில் கழுவும் பிரஷைக் குட்டியாக்கினாற்போல இருக்கும் இன்டர்டென்டல் பிரஷ் ஒரு பாக்கெட். நாலைந்து நார்க்கற்றை மட்டும் கூராக நிற்கும் ஒற்றைக் குஞ்சப் பிரஷ் ஒன்று. கொஞ்சம் மெழுகு, அதை கிளினிக்கிலேயே தருவார்கள். தண்ணீர் பீய்ச்சும் ஃப்ளாஸர் வசதி இருந்தால் வாங்கலாம். மாட்டிக்கொண்ட பருக்கைகளை அது நன்றாக வெளியேற்றும், ஒட்டியிருக்கும் படலத்தை எடுக்கப் பிரஷ்தான் வேண்டும். பிராக்கெட்டில் உரசி உரசிப் பிரஷின் நார் சீக்கிரம் விரிந்துவிடும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பிரஷ் மாற்றினால் போதும் என்ற கணக்கெல்லாம் கிளிப் போட்டவர்களுக்குப் பொருந்தாது, நார் வெளியே வளைந்ததும் மாற்றிவிடுங்கள்.

இரவில் தேய்ப்பதுதான் முக்கியம், ஏனென்றால் தூங்கும்போது எச்சில் சுரப்பது வெகுவாகக் குறைந்துவிடும். முதலில் மாட்டியிருக்கும் ரப்பர்களைக் கழற்றிவிட்டு, வாயில் தண்ணீரை வைத்து வேகமாகக் கொப்பளித்துத் துப்புங்கள். அடுத்தது இன்டர்டென்டல் பிரஷ். பேஸ்ட் வேண்டாம். கம்பிக்கு அடியில் மேலிருந்து கீழாக ஒரு தடவை, கீழிருந்து மேலாக ஒரு தடவை விட்டு, ஒவ்வொரு பிராக்கெட்டின் இரண்டு பக்கவாட்டையும் மூன்று நாலு முறை இழுத்து எடுங்கள். நுழைய மறுத்தால் குத்தித் தள்ளாமல் ஒரு சைஸ் சின்னதுக்குப் போங்கள். பிரஷின் நடுக்கம்பி வளைந்துவிட்டால் அது ஈறைக் கிழிக்கும், தூக்கிப் போட்டுவிடலாம்.

பிறகுதான் பேஸ்ட். பட்டாணி அளவு போதும். பிரஷை ஈறு ஓரத்தில் 45 டிகிரி சாய்த்து, பாதி நார் ஈறிலும் பாதி பல்லிலும் படும்படி வைத்து, இரண்டிரண்டு பல்லாகச் சின்னச் சின்ன அசைவில் பத்து முறை. ரம்பம் அறுப்பதுபோல நீளமாக இழுத்தால் பிரஷ் பிராக்கெட்டின் முகத்தை மட்டும் பளபளப்பாக்கிவிட்டு வாய்க்காலைத் தாண்டிப் போய்விடும். பெரும்பாலானோருக்கு நடப்பது இதுதான். அப்புறம் பிரஷைத் திருப்பி பிராக்கெட்டின் மறுபக்கம், கடிக்கும் பகுதி, கடைசியாக உள்பக்கம். எல்லாம் சேர்த்து ஐந்து நிமிஷம் ஆகும். இரண்டே நிமிஷத்தில் முடிந்துவிட்டால் எங்கேயோ விட்டுப்போயிருக்கிறது.

எங்கே விட்டுப்போகும் என்பதும் அநேகமாக எல்லோருக்கும் ஒரே இடம்தான். மேல்வரிசையில் நடுவில் இருக்கும் இரண்டு பெரிய பற்களை அடுத்த சின்னப் பல்லைப் பாருங்கள். அதை ஒட்டிய கோரைப்பல் முன்னால் துருத்திக்கொண்டிருக்கும். பிரஷ் அந்தக் கோரைப்பல்லின் மேல் ஏறி இறங்கும்போது இந்தச் சின்னப் பல்லின் ஈறு ஓரத்தைத் தொடாமலே தாவிவிடும். மேல் முன்பற்களில் எச்சில் ஓட்டமும் குறைவு. வெள்ளைத் திட்டு அதிகமாக வருவது இந்தப் பல்லில்தான். வலது கையால் தேய்ப்பவர்களுக்கு வலதுபக்கத் திருப்பம் இன்னும் மோசமாக இருக்கும். அங்கே பிரஷை நெட்டாக நிமிர்த்திப் பிடித்து, அதன் நுனி நார்களால் மட்டும் தேய்க்க வேண்டும். அல்லது ஒற்றைக் குஞ்சப் பிரஷை எடுத்து, ஈறு ஓரத்தில் பிறை வரைவதுபோல இடமிருந்து வலம் ஐந்தாறு தடவை ஓட்டுங்கள்.

வாரத்தில் ஒருநாள் சரிபார்க்க ஒரு வழி இருக்கிறது. தேய்த்து முடித்ததும், உதட்டைத் தூக்கிப் பிடித்து, டிஷ்யூ பேப்பரால் அந்தப் பல்லை நன்றாகத் துடைத்துக் காயவைத்து, வெளிச்சத்தில் பாருங்கள். ஈரத்தில் ஒன்றும் தெரியாத பல், காய்ந்ததும் ஈறு ஓரமாக மங்கலான சுண்ணாம்பு நிறம் காட்டினால் கரைவு தொடங்கிவிட்டது. ஈரமாக இருக்கும்போதே தெரிந்தால் இன்னும் ஆழமாகப் போயிருக்கிறது. காயவைத்தால் மட்டும் தெரியும் கட்டத்தில் கவனித்தால் ஃபுளோரைடும் எச்சிலுமே பெருமளவு சரிசெய்துவிடும், அதனால் இந்தச் சோதனை மிகவும் மதிப்புள்ளது. படலத்தை நிறமேற்றிக் காட்டும் மாத்திரையும் கடைகளில் உண்டு; பிள்ளைகளுக்கு அதைப் போல் பாடம் சொல்லித்தர வேறொன்றும் கிடையாது.

பேஸ்ட் வாங்கும்போது டப்பாவின் பின்பக்கத்தைப் படியுங்கள். சோடியம் ஃபுளோரைடு அல்லது சோடியம் மோனோஃபுளோரோபாஸ்பேட் என்று இருக்க வேண்டும். இந்தியாவில் ஃபுளோரைடு அளவு 1000 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் ஆயிரம் பங்கு வரை இருக்கும். மூலிகைப் பேஸ்ட்கள் பலவற்றில் ஃபுளோரைடே கிடையாது. கிளிப் போட்டிருக்கும் காலத்தில் அவற்றைத் தள்ளிவைப்பது நல்லது, கரித்தூளையும் சொரசொரப்பான பற்பொடியையும் சேர்த்து. தேய்த்ததும் நுரையைத் துப்புங்கள், தண்ணீர் விட்டுக் கொப்பளிக்க வேண்டாம். பழக்கத்துக்கு வரச் சில நாள் ஆகும், ஆனால் பல்லில் தங்க வேண்டிய ஃபுளோரைடை நாமே கழுவிவிடுவதில் அர்த்தமில்லை. 0.05 சதவீத சோடியம் ஃபுளோரைடு கொப்பளிப்பு எழுதிக்கொடுத்திருந்தால், அதைப் பல் தேய்க்காத நேரத்தில், பள்ளிவிட்டு வந்ததும் என்று வைத்துக்கொள்ளலாம். திட்டு வரும் அறிகுறி உள்ளவர்களுக்குச் சில மாதங்களுக்கு ஒருமுறை மருத்துவர் ஃபுளோரைடு வார்னிஷ் பூசுவார். அதில் 22,600 பிபிஎம் இருப்பதால் அது கிளினிக்கில் மட்டுமே செய்யும் வேலை.

இனி ஈறு. தேய்க்கும்போது ரத்தம் வந்தால் அந்த இடத்தில் பிரஷ் படாமல் விட்டுவிடுவதுதான் இயல்பாக எல்லோரும் செய்வது. செய்ய வேண்டியது நேர் எதிர். ரத்தம் வருகிற இடத்தில் அழுக்கு தங்கியிருக்கிறது. மென்மையாக, ஆனால் தவறாமல் தேய்த்தால் ஒரு வாரம் பத்து நாளில் கசிவு நின்றுவிடும். கண்டுகொள்ளாமல் விட்டால் ஈறு வீங்கி பிராக்கெட்டின் மேலேயே ஏறிவரும். அப்புறம் பிரஷ் உள்ளே போகாது, போகாததால் இன்னும் வீங்கும். பருவ வயதுப் பிள்ளைகளுக்கு ஹார்மோன் மாற்றத்தால் இது அதிகம். வாயால் மூச்சு விடுகிறவர்களுக்கு முன்பற்களின் ஈறு காய்ந்து சிவந்து தடித்திருக்கும். அவர்களுக்கு மூக்கடைப்பையும் பார்க்க வேண்டும். வலிப்புக்கான ஃபெனிட்டாய்ன், ரத்த அழுத்தத்துக்கான அம்லோடிபின் போன்ற மாத்திரைகளும் ஈறை வளரச்செய்யும் என்பதால், என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

கிருமியைக் கொல்லும் குளோர்ஹெக்ஸிடின் மவுத்வாஷை மாதக்கணக்கில் பயன்படுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். அது இரண்டு வாரத்துக்கான மருந்து. 0.2 சதவீதமானால் 10 மில்லி, காலையும் இரவும். நீண்டநாள் போனால் பல்லும் பிராக்கெட் ஓரமும் பழுப்பேறும், நாக்கில் சுவை மாறும். பேஸ்ட்டின் நுரைப்பொருள் அதன் வேலையைக் குறைத்துவிடுவதால் தேய்த்து அரை மணி நேரம் கழித்துத்தான் கொப்பளிக்க வேண்டும்.

முப்பது வயதுக்கு மேல் கிளிப் போடுகிறவர்களுக்கு ஒரு கூடுதல் எச்சரிக்கை. ஈறு நோய் அடங்காமல் இருக்கும்போது பல்லை நகர்த்தினால், பல்லைத் தாங்கும் எலும்பு வேகமாகக் கரையும். அது திரும்பி வராது. எனவே ஈறு ஆழத்தை அளந்து பார்த்துவிட்டுத் தொடங்குங்கள், நடுவில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கிளீனிங் செய்துகொள்ளுங்கள்.

சாப்பாட்டில் இரண்டு வகைத் தொந்தரவு. முதலாவது உடைப்பது: முறுக்கு, சீடை, தட்டை, கடலை மிட்டாய், எலும்பு, ஐஸ்கட்டி. தீபாவளி, பொங்கல் முடிந்த வாரங்களில் கழன்ற பிராக்கெட்டோடு வருகிறவர்கள் கூடிவிடுவார்கள், கரும்பைச் சொல்லவே வேண்டாம். கொய்யாவையும் ஆப்பிளையும் கடிக்காமல் துண்டு போட்டுச் சாப்பிடலாம். இரண்டாவது கரைப்பது, இதைத்தான் யாரும் கணக்கில் எடுப்பதில்லை. சர்க்கரை போட்ட ஒரு டம்ளர் காபியை ஐந்து நிமிஷத்தில் குடித்து முடிப்பதற்கும், அதையே ஒரு மணி நேரம் உறிஞ்சிக்கொண்டிருப்பதற்கும் பல்லுக்கு மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். இனிப்பைச் சாப்பாட்டோடு சேர்த்துச் சாப்பிட்டு முடித்துவிடுங்கள். சாம்பார் மஞ்சளில் கண்ணாடி நிற ரப்பர் வளையம் மஞ்சளாவதற்குக் கவலை வேண்டாம். அடுத்த தடவை மாற்றிவிடுவார்கள், பல்லுக்குக் கெடுதல் இல்லை.

கம்பி மாட்டிய நாலைந்து மணி நேரத்தில் வலி தொடங்கி, மறுநாள் உச்சத்துக்குப் போய், ஒரு வாரத்துக்குள் அடங்கும். வலிக்கிறது என்று அந்த வாரம் பல் தேய்க்காமல் விடுவதுதான் ஈறு வீக்கத்தின் தொடக்கம். தயிர்சாதம், இட்லி, வெதுவெதுப்பான தண்ணீர் ஒரு டம்ளரில் அரை டீஸ்பூன் உப்புப் போட்டுக் கொப்பளிப்பு, தேவைப்பட்டால் பாரசிட்டமால். உதட்டைக் கிழிக்கும் இடத்தைத் துடைத்துக் காயவைத்துவிட்டு மெழுகை உருட்டி அழுத்துங்கள், ஈரத்தில் ஒட்டாது.

கடைவாய்ப்பல்லில் மோதிரம்போல மாட்டும் பேண்டைத் தனியாகக் கவனியுங்கள். உள்ளே சிமெண்ட் கரைந்துபோனாலும் அது கழன்று விழாமல் அப்படியே நிற்கும். அடியில் எச்சில் புகுந்து, வெளியே ஒன்றும் தெரியாமல் பல் கரையும். கடிக்கும்போது லேசாக மேலும் கீழும் நகர்வதும், அந்தப் பக்கம் மட்டும் கெட்ட சுவை வருவதும் அறிகுறி. வலி இருக்காது. அடுத்த தேதி வரை காத்திருக்காமல் போய்விடுங்கள்.

கிளிப் கழற்றிய பிறகும் வெள்ளைத் திட்டு இருந்தால் உடனே ப்ளீச்சிங் கேட்காதீர்கள். சாதாரண ஃபுளோரைடு பேஸ்ட்டோடு சில மாதம் விட்டால் எச்சிலிலுள்ள கால்சியம் படிந்து ஓரளவு மங்கும். வெள்ளை உறைத்துத் தெரியும் முன்பற்களில் அந்தச் சமயம் அழுத்தமான வார்னிஷ் பூசினால் மேற்பரப்பு மட்டும் மூடி, உள்ளே வெள்ளை அப்படியே நின்றுவிடலாம். ஆறு மாதமாகியும் போகாத திட்டுக்குத்தான் ரெசினை உள்ளே இறக்கும் சிகிச்சையோ மெல்லத் தேய்த்தெடுக்கும் சிகிச்சையோ.

கிளிப் எடுத்த பிறகு பல் பழைய இடத்துக்குத் திரும்பாமல் பிடித்துவைப்பது ரிட்டெய்னர். கழற்றிப் போடும் ரிட்டெய்னரைக் குளிர்ந்த தண்ணீரில் பிரஷால் கழுவுங்கள். வெந்நீரில் போட்டால் வடிவம் மாறிவிடும். கீழ் முன்பற்கள் ஆறின் பின்னால் நிரந்தரமாக ஒட்டும் கம்பிக்குத்தான் அதிகக் கவனம் வேண்டும், ஏனென்றால் எச்சில் சுரப்பியின் வாய் அங்கேதான் திறக்கிறது, காரை சீக்கிரம் படியும். ஒரு முனை விறைப்பாக உள்ள சூப்பர்ஃப்ளாஸ் என்ற பல்லிடுக்கு நூலைக் கம்பிக்கு அடியில் நுழைத்து, ஒவ்வொரு பல்லின் பக்கவாட்டிலும் ஈறு வரை இறக்கி ஏற்றுங்கள். ஒரு பல்லில் மட்டும் பசை விட்டிருந்தால் கம்பி ஆடாமலே இருக்கும். ஆனால் அந்தப் பல் மெதுவாகத் திரும்பத் தொடங்கியிருக்கும், விட்ட இடத்துக்குள் உணவும் தங்கும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை கிளீனிங் போகும்போது ஆறு பல்லிலும் பசை பிடித்திருக்கிறதா என்று கேட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.