எண்ணெய் வைக்காமல் வாருங்கள்

இ.இ.ஜி. என்னும் மூளை அலைப் பதிவு எடுக்க வருபவர்களில் பலரும் அறைக்குள் நுழையும்போதே, "தலைக்குக் கரண்ட் வைப்பீங்களா?" என்று கேட்கிறார்கள். மனநல மருத்துவத்தில் கொடுக்கப்படும் மின்அதிர்ச்சிச் சிகிச்சையையும் இதையும் ஒன்றாக நினைப்பதால் வரும் பயம் அது. எங்கள் கருவி தலைக்குள் எதையும் செலுத்துவதில்லை. மூளை தானாக எழுப்பும் மின்னலைகளை, தலைத்தோலில் பசை வைத்து ஒட்டும் சுமார் 21 சிறு உலோகத் தட்டுகள் வழியாகப் பதிவு செய்வதோடு அதன் வேலை முடிந்துவிடுகிறது. இ.சி.ஜி.யில் இதயத்தின் அலை ஒரு மில்லிவோல்ட் அளவுக்கு எழும்புகிறதென்றால், தோலின் மேல் கிடைக்கும் மூளை அலை பெரும்பாலும் 10 முதல் 100 மைக்ரோவோல்ட்தான். இதய அலையில் பத்தில் ஒரு பங்கை அது தாண்டுவதே அரிது.

அவ்வளவு மெல்லிய அலைக்குத் தேங்காய் எண்ணெய்ப் படலமே பெரிய தடை. ஆஸ்பத்திரிக்குப் போகிறோமே என்று மகளுக்குப் படியப் படிய எண்ணெய் வைத்து, இறுகப் பின்னி, பூவும் சூட்டி அழைத்துவரும் தாயிடம் என்னால் கோபப்பட முடிவதில்லை. முதல் நாளே ஷாம்பு போட்டு அலசி உலர்த்தியிருந்தால், நான் வகிடு வகிடாகத் தேய்த்துத் துடைக்கும் நேரமும் குழந்தையின் அழுகையும் மிச்சமாகும். வெறும் வயிற்றில் வரத் தேவையில்லை. மாத்திரையை மருத்துவர் நிறுத்தச் சொன்னாலொழிய நிறுத்தக் கூடாது. வலிப்புக்கான அறிகுறிகள் உறக்கம் கண்ணைச் சுழற்றும்போது எளிதில் வெளிப்படும் என்பதால்தான் சிலரை இரவு விழித்திருந்து வரச் சொல்கிறோம். அப்படி விடிய விடிய விழித்திருந்துவிட்டு, வரும் வழியில் பேருந்தில் இரண்டு மணி நேரம் தூங்கி, தெளிந்த முகத்தோடு வந்து நிற்பவர்களும் உண்டு.

பதிவின் நடுவே மூன்று நிமிடம் மூச்சை ஆழமாக இழுத்துவிடச் சொல்வோம். அண்மையில் பக்கவாதம் வந்தவர்களும் கடும் ஆஸ்துமாவோ இதயநோயோ உள்ளவர்களும் அதை முன்கூட்டியே தெரிவித்துவிட வேண்டும். குழந்தைகளுக்குக் காகிதக் காற்றாடியை ஊதக் கொடுப்பது என் வழக்கம். வகுப்பில் கனவு கண்டுகொண்டே இருக்கிறாள் என்று ஆசிரியர் குறைசொன்ன ஒரு சிறுமி, ஊதிக்கொண்டிருந்தவள் சட்டென நிறுத்தினாள். கண்கள் திறந்தபடி இருந்தன, காற்றாடி மெல்லச் சுழன்று நின்றது, திரையில் விநாடிக்கு மூன்று வீதம் கூர் அலைகள் வரிசையாக ஓடின. "மாம்பழம்" என்று அவள் காதருகே சொன்னேன். பத்து விநாடியில் அவள் மீண்டும் ஊதத் தொடங்கினாள். நான் என்ன சொன்னேன் என்று கேட்டதற்கு, "நீங்க ஒண்ணும் சொல்லலியே, அங்கிள்" என்றாள். அருகிலிருந்த தாய் அதுவரை அந்த நிலையைச் சோம்பல் என்றே எண்ணியிருந்தார்.

எல்லோருக்கும் வலிப்பு இப்படிக் கைமேல் அகப்படுவதில்லை. வழக்கமான பதிவு ஏறக்குறைய அரைமணி நேரம்தான். அந்த நேரத்தில் மூளை அமைதியாக இருந்தால் தாளிலும் அமைதிதான் பதிவாகும். வலிப்பு நோய் உள்ளவருக்கே முதல் பதிவு நார்மலாக வருவது சாதாரணம். இதை நோயாளிகளுக்குப் புரியவைக்க வேண்டிய நானே ஒருமுறை தவறினேன். ஓர் இளைஞருக்குத் தட்டுகளைக் கழற்றியபடி, "நல்லா வந்திருக்கு தம்பி" என்றேன். அசையாமல் படுத்திருந்ததால் பதிவு தெளிவாக இருக்கிறது என்பது நான் நினைத்த பொருள். நோய் போய்விட்டது என்பது அவர் வீட்டார் எடுத்துக்கொண்ட பொருள். மாத்திரையை நிறுத்திவிட்டார்கள். சில வாரங்களில் நெற்றியில் தையலோடு அவர் திரும்ப வந்தபோது, அந்தக் காயத்தை ஒட்டித் தட்டு வைக்க இடம் தேடியது என் கைதான்.

அதன்பிறகு முடியில் ஒட்டிய பசையை வெந்நீர்த் துணியால் துடைக்கும்போதே, "பதிவு எடுத்தாச்சு, என்ன இருக்குன்னு டாக்டர் சொல்வாங்க, மாத்திரையை மட்டும் விட்டுடாதீங்க" என்று சொல்கிறேன், உடன் வந்தவர் காதிலும் விழும்படியாக.