கை தட்டிப் பார்த்து எடுத்த வீடு

ஓய்வுபெற்ற சினிமாத் தொழிலாளர்களை உட்காரவைத்துப் பேசி, வீடியோவில் பதிவு செய்வது எங்கள் வேலை. எடிட்டர்கள், லைட்மேன்கள், லேபில் நெகட்டிவ் கழுவியவர்கள், மேக்கப் போட்டவர்கள். பெரும்பாலும் எழுபதைத் தாண்டியவர்கள். வடபழனி, சாலிகிராமம், கோடம்பாக்கம் பக்கமே காலமெல்லாம் குடியிருந்தவர்கள். அவர்கள் வீட்டிலேயே எடுத்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தோம். பத்துக்குப் பத்து அறையில் கட்டில், பீரோ, பேரப்பிள்ளைகள், வாசலில் மைக் கட்டிய காய்கறி வண்டி. கேமராவை வைக்கவே இடமில்லை. ஒரு வீட்டை வாடகைக்கு எடுப்பது என்று முடிவானது. தேடும் பொறுப்பு என்னிடம் வந்தது.

முதலில் எடுத்தது ஓர் அடுக்குமாடியின் இரண்டாவது மாடி. கிழக்குப் பார்த்த பெரிய ஜன்னல், வெள்ளைச் சுவர், முகம் தெரியும் அளவுக்குப் பளபளக்கும் டைல்ஸ். பார்த்ததுமே பிடித்துப்போய் அட்வான்ஸ் கொடுத்துவிட்டோம். முதல் பேட்டியும் நடந்தது. எடிட்டிங்கில் ஹெட்ஃபோன் மாட்டிக் கேட்டால், பெரியவர் கிணற்றுக்குள் இருந்து பேசுகிறார். எதிரெதிரே வெறும் சுவர், மேலும் கீழும் வழவழப்பு. ஒவ்வொரு வார்த்தையும் மோதித் திரும்பி அடுத்த வார்த்தையின் மேல் விழுந்திருக்கிறது. போதாததற்கு அடுக்குமாடியின் தண்ணீர் மோட்டார் வேறு.

அவரை மறுபடியும் அழைத்தோம். முகம் சுளிக்காமல் வந்து, எல்லாவற்றையும் மறுபடி சொன்னார். ஆனால் தன் குருநாதரைப் பற்றிச் சொல்லும்போது முதல் தடவை குரல் தழுதழுத்தது. இரண்டாம் தடவை அப்படி நடக்கவில்லை. எப்படி நடக்கும்? எதிரொலியைக் குறைக்கும் மென்பொருள்கள் வந்துவிட்டன. போட்டும் பார்த்தோம், எதிரொலியோடு சேர்ந்து குரலின் நயமும் போய்விட்டது. அந்த இழப்பு இன்னும் எனக்கு உறுத்துகிறது. படம் கொஞ்சம் இருட்டாக இருந்தாலும் மக்கள் பார்ப்பார்கள். குரல் தெளிவாக இல்லையென்றால் இரண்டு நிமிடம்கூட உட்கார மாட்டார்கள்.

அப்புறம்தான் காதால் வீடு பார்க்க ஆரம்பித்தேன். உள்ளே நுழைந்ததும் நடு அறையில் நின்று ஒரு தடவை பலமாகக் கை தட்டுவேன். சத்தம் சட்டென்று அடங்கினால் நல்லது. 'ட்ரிங்' என்று இழுத்தால் யோசிக்க வேண்டும். பிறகு ஃபேனை நிறுத்திவிட்டு, கண்ணை மூடிப் பத்து நிமிடம் உட்காருவேன். காலையில் ஒரு முறை, மதியம் ஒரு முறை, சாயங்காலம் ஒரு முறை. காலையில் அமைதியாக இருந்த ஒரு வீட்டுக்குப் பின்னால் மூன்றரை மணிக்குப் பள்ளிக்கூடம் விட்டது. நங்கநல்லூரில் ஒரு வீடு எல்லா விதத்திலும் பொருந்தியது, ஆனால் மீனம்பாக்கத்தில் இறங்கும் விமானங்கள் தலைக்கு மேலே. ஆற்காடு சாலையை ஒட்டிய இடங்களில் மெட்ரோ வேலை. புரோக்கர் பொறுமையானவர். நாலாவது வீட்டிலிருந்து அவரும் என்னோடு சேர்ந்து காது கொடுக்க ஆரம்பித்துவிட்டார்.

கடைசியில் சாலிகிராமத்தில் ஒரு பழைய தனி வீட்டின் தரைத்தளம் கிடைத்தது. ஒன்பது அங்குலச் செங்கல் சுவர், மரக்கதவு, தெருவிலிருந்து உள்ளடங்கிய பின்னறை. இருபதடி நீளம். அந்த நீளம் முக்கியம். பேசுகிறவரைச் சுவரோடு ஒட்டி உட்காரவைத்தால் அவர் நிழலே பின்னால் விழும், போலீஸ் ஸ்டேஷனில் எடுத்த படம் மாதிரி இருக்கும். சுவரிலிருந்து ஆறடியாவது முன்னால் வரவேண்டும், அங்கிருந்து கேமராவுக்கு இன்னொரு ஏழெட்டு அடி. படியேற வேண்டாம் என்பதும், வெஸ்டர்ன் டாய்லெட் இருப்பதும் எனக்கு லென்ஸைவிடப் பெரிய விஷயம். மூட்டு வலியோடு இரண்டு மாடி ஏறி வந்தவரிடம் உடனே மைக்கை நீட்டக் கூடாது.

வீட்டுக்கார அம்மாவுக்குத் தயக்கம். "ஷூட்டிங்னா லாரி, ஜெனரேட்டர்னு ஐம்பது பேர் வருவீங்களே தம்பி?" என்றார். "நாங்க அஞ்சே பேர்தாம்மா, சத்தமே போட மாட்டோம். சத்தம் கேட்டா எங்களுக்குத்தான் கஷ்டம்" என்றேன். என்ன வேலைக்கு எடுக்கிறோம் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதினோம். தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டப்படி, வேறு மாதிரி பேசிக்கொள்ளாதபோது மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கேட்கக் கூடாது. சென்னையில் பத்து மாதம் கேட்பது பழைய வழக்கம் என்பதால் இதைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது. அந்த அம்மா மூன்று மாதத்துக்கே ஒப்புக்கொண்டார்.

அறையைத் தயார்செய்யப் பெரிய செலவில்லை. எதிரொலியை அடக்க, சுவரில் முட்டை அட்டையை ஒட்டச் சொல்லிப் பலரும் ஆலோசனை சொன்னார்கள், அதனால் பெரிய பயன் கிடையாது. மெல்லிய ஃபோமும் கீச்சுச் சத்தத்தை மட்டும் தின்றுவிட்டு, அடிக்குரலின் முழக்கத்தை அப்படியே விட்டுவிடும். கனம்தான் வேலை செய்யும். தரையில் பவானி ஜமுக்காளம் இரண்டு மடிப்பு. கேமராவில் தெரியாத இரண்டு பக்கமும் இலவம்பஞ்சு மெத்தைகளை, சுவரோடு ஒட்டாமல் நாலு அங்குலம் இடைவெளிவிட்டு நிறுத்தினோம். அந்த இடைவெளிக்கு நல்ல பலன் இருந்தது. பின்னால் பழைய புத்தகங்கள் அடுக்கிய மர அலமாரி: பார்க்கவும் நன்றாக இருக்கும், ஒலியையும் சிதறடிக்கும்.

ஜன்னலைக் கறுப்புத் துணியால் மூடிவிட்டோம். மேகம் வந்து போனால் முகத்தின் வெளிச்சம் மாறும், இரண்டு மணி நேரப் பேட்டியை வெட்டி ஒட்ட முடியாது. ஒரு எல்இடி விளக்கின் வெளிச்சம் நேராக விழாமல், தெர்மாகோலில் பட்டுத் திரும்பி முகத்தில் விழும்படி வைத்தோம். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் கேமராவின் ஷட்டரை 50-இல் ஒரு பங்கு விநாடியில் வைத்தோம். இல்லையென்றால் சில விளக்குகளில் படம் துடிக்கும். நாற்காலி சுழலக் கூடாது, கிரீச்சிடக் கூடாது, எழுந்திருக்கக் கைப்பிடி வேண்டும். வீட்டுக்கார அம்மாவின் திண்ணையில் கிடந்த தேக்கு நாற்காலியைக் கேட்டு வாங்கினேன். பதிவில் அதன் சத்தம் விழாமல் இருக்க ஃப்ரிட்ஜை நிறுத்தும்போது வண்டிச் சாவியை அதற்குள் போட்டுவிடுவேன். கிளம்பும்போது சாவியைத் தேடினால் ஃப்ரிட்ஜைப் போட வேண்டிய ஞாபகம் வரும்.

தீராத பிரச்சினை வெக்கை. ஒரு மணி நேரம் முன்பே ஏசி போட்டு அறையைக் குளிரவைத்து, பேசும்போது நிறுத்துவோம். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இடைவேளை, மோர். மேற்குச் சுவர் சூடேறிவிடும் என்பதால் மதியத்துக்கு மேல் யாரையும் வரச் சொல்வதில்லை.

அந்த வீட்டில் முதலில் வந்தவர் ஸ்டூடியோ ஒன்றில் சவுண்ட் ரெக்கார்டிஸ்டாக இருந்தவர். வயது எண்பத்திரண்டு. அறைக்குள் வந்தார், யாரையும் பார்க்கவில்லை. நடுவில் நின்று ஒரு தடவை கை தட்டினார். தலையைச் சாய்த்துக் கேட்டார். மெத்தையைத் தொட்டுப் பார்த்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

பேட்டி முடிந்ததும், வழக்கம்போல அறையின் வெறும் சத்தத்தை முப்பது விநாடி பதிவு செய்ய வேண்டும் என்றேன். வெட்டி ஒட்டும் இடங்களில் போட அது தேவைப்படும். எல்லோரும் அசையாமல் இருந்தோம். பத்தாவது விநாடியில் அவர் கையை உயர்த்தினார்.

"பக்கத்து வீட்ல கிரைண்டர் போட்டுட்டாங்க தம்பி. அரைச்சு முடியட்டும், நான் இருக்கேன்."

எனக்கு ஹெட்ஃபோனில்கூடக் கேட்கவில்லை. கழற்றிவிட்டுக் கேட்டேன். மிக மெல்லிசாக, ஆமாம், ஓடிக்கொண்டிருந்தது.