டிராக்கியாஸ்டமிக்கு அப்புறம் எனக்குப் பேச்சு திரும்பியது எப்படி

ஜிபிஎஸ் (குய்லான் பாரே என்கிற நரம்பு நோய்) வந்தவர்களின் வீட்டார் முதலில் கேட்பது "எப்போ நடப்பாங்க" என்றுதான். எனக்கு நடை போனதைவிடப் பேச்சு போனதுதான் பெரிய அடி. ஆனால் பேச்சைப் பற்றி விவரமாக எழுதியவர்கள் குறைவாக இருப்பதால் நான் கடந்து வந்ததை இங்கே எழுதுகிறேன். ஊர் நீடாமங்கலம் பக்கம், விவசாயம்.

சம்பா நடவு முடிந்த சமயம். வயிற்றுப்போக்கு வந்து சரியாகி, கொஞ்ச நாள் கழித்துக் கால் மரத்துப்போக ஆரம்பித்தது. வரப்பில் கால் வைத்து ஏற முடியவில்லை. தஞ்சாவூருக்குக் கொண்டுபோனார்கள். குய்லான் பாரே, அதாவது நம் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே நரம்புகளைத் தாக்குகிற நோய் என்றார்கள். இம்யூனோகுளோபுலின் என்கிற எதிர்ப்புப் புரத மருந்தை ஏற்றினார்கள்.

அங்கே டாக்டர் என்னை ஒரு மூச்சு இழுத்துக்கொண்டு, நடுவில் மூச்சு வாங்காமல் ஒன்று, இரண்டு என்று சத்தமாக எண்ணச் சொன்னார். சுயநினைவு இருக்கிறதா என்று பார்க்கிறார் போல என்று நினைத்துக்கொண்டேன். காலையில் முப்பதைத் தாண்டினேன், ராத்திரி பதினைந்துக்கே இழுத்தது. நான் கால் அசையவில்லையே என்று பயந்துகொண்டிருந்தேன், அவர்கள் பயந்தது அந்த எண்ணிக்கையைப் பார்த்து. நாம் பேசுவதெல்லாம் வெளியே விடுகிற மூச்சில்தான். மார்புத் தசையும் உதரவிதானமும் தளர்ந்தால் உள்ளே போகிற காற்று குறையும், ஒரு மூச்சில் எண்ணுவதும் அதோடு குறையும். இருபதுக்குக் கீழே இறங்கினால் எச்சரிக்கையாக இருக்க வேண்டுமாம்.

அன்றைக்கே வென்டிலேட்டர். முதலில் வாய் வழியாகக் குழாய், நாள் நீண்டதும் கழுத்தில் துளை போட்டு டிராக்கியாஸ்டமி.

அந்தத் துளை குரல்நாண்களுக்குக் கீழே, மூச்சுக்குழாயில் இருக்கிறது. குழாயைச் சுற்றி ஒரு சின்ன பலூன், கஃப் என்பார்கள். அது ஊதியிருந்தால் காற்று கழுத்து வழியாகவே உள்ளே போய்க் கழுத்து வழியாகவே வெளியே வந்துவிடும், மேலே குரல்நாண் பக்கம் எட்டியே பார்க்காது. நாக்கு நன்றாக இருக்கிறது, உதடு அசைகிறது (என் முகத்தை நோய் தொடவில்லை, எல்லோருக்கும் அப்படி இருக்காது), குரல்நாணுக்கும் ஒன்றும் ஆகவில்லை, ஆனாலும் துளிச் சத்தம் இல்லை. நாதஸ்வரத்தில் வைக்கிற திருவாவடுதுறைச் சீவாளியே ஆனாலும் ஊதினால்தானே சத்தம்.

ஒருநாள் சிஸ்டர் "யாரை உள்ளே கூப்பிடட்டும்" என்று கேட்டார். அம்மா என்று வாயசைத்தேன். அப்பா வந்து நின்றார். திரும்பவும் சொன்னேன், அப்பா இன்னும் கிட்டே குனிந்தார். அம்மாவுக்கும் அப்பாவுக்கும் உதடு ஒரே மாதிரிதான் மூடித் திறக்கும், வித்தியாசம் மூக்கு வழியாக வருகிற காற்றிலும் குரலிலும் இருக்கிறது, அது இரண்டுமே என்னிடம் இல்லை. அப்புறம் அக்கா ஒரு கோடு போட்ட நோட்டில் உயிரெழுத்தை மேலேயும் மெய்யெழுத்தைப் பக்கவாட்டிலும் எழுதிக் கட்டம் போட்டுக்கொண்டு வந்தாள். அவள் விரலை நகர்த்துவாள், சரியான இடம் வந்ததும் நான் கண் சிமிட்டுவேன். "முதுகு அரிக்குது" என்று சொல்லி முடிப்பதற்குள் இரண்டு பேரும் களைத்துவிடுவோம், இருந்தாலும் அந்த நோட்டுதான் என்னை அந்த நாட்களில் காப்பாற்றியது.

மெஷினை விட்டுக் கொஞ்ச நேரம் மூச்சு விட முடிந்ததும் பேச்சுப் பயிற்சியாளர் வந்தார். கஃப்பில் இருந்த காற்றை இறக்கிவிட்டுக் குழாய் வாயில் ஸ்பீக்கிங் வால்வு வைத்தார். உள்ளே இழுக்கும்போது திறந்து, வெளியே விடும்போது மூடிக்கொள்ளும் வால்வு அது. அதனால் வெளியேறுகிற காற்றுக்குக் குழாயின் ஓரமாக மேலே ஏறிக் குரல்நாண் வழியாக வருவதைத் தவிர வேறு வழியில்லை. இந்த வகை வால்வில் பேர் பெற்ற ஒன்றை 1980களில் அமெரிக்காவில் டேவிட் முயர் என்பவர் உருவாக்கினார், தசைச்சிதைவு நோயால் வென்டிலேட்டரில் இருந்தவர் அவர். மருந்துகளைவிட எனக்கு அதிக தெம்பு கொடுத்தது இந்தச் செய்திதான்.

முதலில் வந்தது இருமல். அடுத்து "ம்". அம்மா அழுதுவிட்டாள்.

குரல் வந்துவிட்டதே, இனிப் பேச்சு தானாக வந்துவிடும் என்றுதான் நினைத்தோம். வரவில்லை. சும்மா இருக்கும்போது மூச்சு இழுக்கும் நேரமும் விடும் நேரமும் பெரிய வித்தியாசம் இல்லாமல் ஓடும். பேசும்போது சட்டென்று இழுத்துக்கொண்டு, மீதி நேரம் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறோம். இழுப்பது மொத்தத்தில் பத்தில் ஒரு பங்குதான் இருக்கும். அந்தச் சட்டென்ற இழுப்புக்கும் சரி, காற்று மொத்தமாகக் கொட்டிவிடாமல் பிடித்து வைப்பதற்கும் சரி, விலாத் தசையில் பலம் வேண்டும். எனக்கு இரண்டு சொல்லிலேயே காலி.

இதில் தமிழுக்கென்று ஒரு சங்கடம் உண்டு, வினை கடைசியில்தான் வருகிறது. "எனக்கு இப்போ காபி வேண்..." என்கிற இடத்தில் மூச்சு தீர்ந்துவிடும். வேண்டுமா, வேண்டாமா? அந்தக் கடைசி அசையில்தான் விஷயமே இருக்கிறது. பயிற்சியாளர் வாக்கியத்தைத் திருப்பிப் போடச் சொன்னார், "வேண்டாம். காபி." முக்கியமானது முதலில், புது மூச்சில். ஒவ்வொரு மூச்சுக்கும் இரண்டு சொல், அப்புறம் நிறுத்தம். கேட்கிறவர்கள் அந்த நிறுத்தத்தில் நமக்காகச் சொல்லை நிரப்பாமல் இருக்க வேண்டும். இது வீட்டாருக்குத்தான் கஷ்டம்.

பயிற்சிக்கு, மூச்சை இழுத்து மூன்று பந்தை மேலே தூக்குகிற ஸ்பைரோமீட்டரும் ஒரு மூச்சு எண்ணிக்கையும். ஒன்று, இரண்டு என்று எண்ண அலுப்பாக இருந்ததால் களத்தில் நெல்லை மரக்காலால் அளக்கிற மாதிரி, ஒன்றுக்குப் பதில் லாபம் என்று தொடங்கி, "லாபம், ரெண்டு, மூணு" என்று எண்ணினேன். அந்த ராகத்தில் எண்ணினால் மூச்சைச் சீராக விட வருகிறது, எனக்கு நன்றாகவே உதவியது.

யாராவது இப்போது இந்த நிலையில் இருந்தால் இதை மட்டும் மறக்காதீர்கள். கஃப் ஊதியிருக்கும்போது வால்வை வைக்கவே கூடாது, வைத்தால் உள்ளே போன காற்றுக்கு வெளியே வர வழியே இருக்காது, உயிருக்கே ஆபத்து. டாக்டரோ பயிற்சியாளரோ சொல்லாமல் வீட்டார் அதைத் தொடாதீர்கள். ஆனால் "பேச்சு வால்வு எப்போது முயற்சி பண்ணலாம்" என்று கேளுங்கள். கேட்பதில் தப்பில்லை. குழாயை எடுத்த பிறகும் துளை மூடும்வரை அந்த வழியாகக் காற்று கசியும். பேசும்போதும் இருமும்போதும் கட்டின் மேல் சுத்தமான விரலை லேசாக வைத்து அழுத்திக்கொண்டால் குரல் தெளிவாக வரும்.