138 செ.மீ.

மார்ச் 28, 2025

என் வீட்டுக்காரர், அத்தான், லீவில் ஊருக்கு வந்ததும் குடும்பத்தோடு கொச்சி வொண்டர்லா பார்க்குக்குப் போக வேண்டும். அவர் வரும் தேதி இன்னும் தெரியவில்லை. "மே கடைசின்னு வச்சுக்கோ" என்கிறார். ரயிலில் முன்பு 120 நாளுக்கு முன்னாலேயே முன்பதிவு செய்யலாம். போன நவம்பரிலிருந்து 60 நாள்தான். மே 28-க்கு நாளைக் காலை எட்டு மணிக்குத் திறக்கும். லீவு கிடைக்காத மனிதருக்கும் சேர்த்து எடுப்பதா?

மூத்தவன் உயரம் 138.

மார்ச் 29

எடுத்துவிட்டேன். ஐலண்ட் எக்ஸ்பிரஸ், ஸ்லீப்பர். காலையில் நாகர்கோவிலில் ஏறினால் சாயங்காலம் எர்ணாகுளம். ராத்திரி ரூமில் தூக்கம், மறுநாள் வியாழக்கிழமை பார்க். மூத்தவனுக்குப் பன்னிரண்டு ஆகவில்லை, ஆனாலும் பெர்த் வேண்டுமென்றால் முழு டிக்கெட். சின்னவளுக்கு வேண்டாம், என் மடி இருக்கிறது.

ஏப்ரல் 1

மைனி, அண்ணன் மனைவி, போன். அவரிடம் வேறு திட்டம் தயாராக இருக்கிறது. அத்தான் விடியற்காலம் திருவனந்தபுரத்தில் இறங்குவாராம், நாம் எல்லாரும் வேனோடு ஏர்போர்ட்டில் நிற்போமாம், அங்கிருந்து நேரே கொச்சி, வொண்டர்லா, ராத்திரி அதே வேனில் ஊர். "ரூம் வாடகை மிச்சம்லா."

ராத்திரி முழுக்கக் கண் விழித்து வருகிறவர். திருவனந்தபுரத்திலிருந்து கொச்சி இருநூறு கிலோமீட்டர். நெடுஞ்சாலை வழியே போனால் வழி நெடுக ஆறு வழிச் சாலை வேலை, துறவூரிலிருந்து அரூர் வரைக்கும் மேம்பாலத் தூண்களுக்கு இடையில் ஊர்ந்துதான் போக வேண்டும். எம்.சி. ரோடு என்றால் கொட்டாரக்கரை, செங்ஙன்னூர், கோட்டயம் என்று ஒவ்வொரு டவுனிலும் நிற்க வேண்டும். சின்னவள் களியக்காவிளை தாண்டும் முன்னமே வாந்தி எடுக்கிறவள். மத்தியானம் போய்ச் சேர்ந்து, சாயங்காலம் மூடுகிற இடத்துக்கு முழு டிக்கெட் வாங்கி, ரெண்டு ரைடு ஏறிவிட்டுத் திரும்புவதற்குப் பெயர் டூரா? ரூம் வாடகையில் மிச்சம் பிடிக்கிறவர்கள் அந்த டிக்கெட் காசைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

இதையெல்லாம் மைனியிடம் சொல்லவில்லை. "பாக்கலாம் மைனி" என்றேன்.

ஏப்ரல் 3

மாமாவுக்கு இன்று டாக்டர். ஒன்றும் சொல்லவில்லை, மாத்திரையை மட்டும் மாற்றினார்.

ஏப்ரல் 7

138. ஜன்னல் கம்பியில் தொங்குகிறான். தினமும் ரெண்டு முட்டை. வீடியோ காலில் அப்பாவிடம் "நூத்தி நாப்பது ஆயாச்சு" என்று அடித்து விடுகிறான். வொண்டர்லாவில் டிக்கெட்டே உயரத்துக்குத்தான், வயதைப் பார்ப்பதில்லை. 85 செ.மீ. வரை இலவசம், 140 வரை சிறுவர் டிக்கெட். பெரிய ரைடுகளுக்கும் 140 வேண்டும். இரண்டு சென்டிமீட்டர் குறைந்தால் காசு மிச்சம், பிள்ளை அழும்.

எல்லாரும் போய் இறங்கிய பிறகுதான் அளவுகோலைப் பார்க்கிறார்கள். இரண்டு மாதம் பெரிய ரைடு வீடியோவாகவே காட்டிவிட்டு வாசலில் வைத்து "உனக்கில்ல மக்களே" என்று சொல்வதற்கு மனசு வேண்டும். நான் இப்போதிருந்தே சிறியவர்களுக்கான ரைடு வீடியோவைக் காட்டுகிறேன். முகத்தைத் திருப்பிக்கொள்கிறான்.

ஏப்ரல் 17

தேதி வந்தது! மே 25 ராத்திரி கிளம்பி 26 காலை திருவனந்தபுரம். மூன்று வாரம் லீவு.

ராத்திரி தூக்கமே இல்லை.

ஏப்ரல் 18

மூன்று வாரத்தில் இரண்டு கல்யாணம், ஒரு புதுவீட்டுப் பால்காய்ச்சு, மண்டைக்காட்டுக் கோயில் நேர்ச்சை, மாமாவின் ஸ்கேன். இதற்கு நடுவே கொச்சியோடு மூணாறையும் சேர்க்கலாம் என்று மைனி குழுவில் போட்டிருக்கிறார். பதினோரு பேர் கட்டைவிரல் காட்டியிருக்கிறார்கள். அதில் நாலு பேர் வரவே போவதில்லை.

ஏப்ரல் 26

மாமா தானும் வருவேன் என்கிறார். "வீகாலாந்துக்கா?" என்று கேட்டார். 2000-த்தில் திறந்தபோது வைத்த பெயர், அவருக்கு அதுதான். ஸ்டென்ட் வைத்தவரை எந்தப் பெரிய ரைடிலும் ஏற்ற மாட்டார்கள், சும்மா உட்காரவும் டிக்கெட் எடுக்க வேண்டும், வெயிலில் நாள் முழுக்க. மைனி கணக்கில் மாமா என்றால் வேனில் ஒரு சீட், அவ்வளவுதான். எனக்கோ ஊர்சுற்றப் போகிற கூட்டத்தில் உடம்புக்கு முடியாதவர் யாரோ அவரை வைத்துத்தான் நேரத்தைப் பிரிக்க வேண்டும். காலையில் அவர் ரூமிலேயே இருக்கட்டும், மூன்று மணிக்கு மேல் ஆட்டோவில் கூட்டி வரலாம். அல்லது அவரும் நானும் மட்டும் மட்டாஞ்சேரி பக்கம். "கடல் பாக்கவா கொச்சிக்குப் போகணும்?" என்கிறார். குமரிக்காரர்.

மே 3

துணி. தண்ணீரில் இறங்க நைலான்தான் வேண்டும், பருத்திச் சுடிதார், சேலை எல்லாம் விட மாட்டார்கள். மறந்து போகிறவர்கள் அங்கேயே வாங்கி இரட்டைச் செலவு செய்கிறார்கள். வடசேரியில் நாலு கடை ஏறி இறங்கியும் என் அளவுக்கு இல்லை. வெளிச் சாப்பாடும் உள்ளே கொண்டுபோகக் கூடாது. மைனி புளியோதரை கிண்டுவதாகச் சொல்லியிருக்கிறார்.

மே 8

டிவியில் இந்தியா-பாகிஸ்தான் சண்டைச் செய்தி. விமானம் ஓடுமா என்று மாமா நாலு தடவை கேட்டார். அத்தான் போனை எடுக்கவில்லை.

மே 9

எடுத்தார். டூட்டியாம்.

மே 14

வேன் பிரச்சினை. மைனி சொல்லும் வேன் வெள்ளை நம்பர் போர்டு, சொந்த உபயோக வண்டி. வாடகைக்கு ஓட்டவே கூடாது, எல்லையில் பிடித்தால் பிள்ளைகளோடு ரோட்டில்தான் நிற்க வேண்டும், ஏதாவது ஆனால் இன்சூரன்ஸும் கை விரிக்கும். மஞ்சள் போர்டு, பெர்மிட், கேரள வரி என்று சொன்னால் "நீ என்னத்துக்கு இப்படிப் பயப்படுக?" என்கிறார். அண்ணன் பக்கத்தில் இருந்து சிரிப்பது கேட்கிறது.

138.5. நாடாவை நான் கொஞ்சம் தளர்த்திப் பிடித்திருக்கலாம்.

மே 20

மாமாவின் ஸ்கேன் தேதி தள்ளிப்போனது. நல்லதா கெட்டதா தெரியவில்லை.

மே 24

பருவமழை இன்றே கேரளத்தில் தொடங்கிவிட்டது. வழக்கமாக ஜூன் 1. 2009-க்குப் பிறகு இவ்வளவு சீக்கிரம் வந்தது இதுதான். கேரளத்துப் பள்ளிக்கூடமும் நம்ம பள்ளிக்கூடமும் ஜூன் 2-இல் திறக்கின்றன, அதனால் கடைசி வாரத்துக் கூட்டத்தை மட்டும் யோசித்து வியாழக்கிழமை பார்த்தேன். இடவப்பாதி மழை இவ்வளவு முந்தும் என்று யார் கண்டது? இங்கேயும் காலையிலிருந்து விடாமல் பெய்கிறது. துணி காயவில்லை.

மே 25

கொச்சிக்கு அப்பால் ஒரு சரக்குக் கப்பல் மூழ்கிவிட்டதாம். கண்டெய்னர்கள் கடலில். மாமா செய்தியை விட்டு எழும்பவில்லை. மூத்தவனுக்கு ஒரே கேள்விதான், மழையில் ரைடு ஓடுமா. காற்றும் இடியும் இருந்தால் நிறுத்திவிடுவார்கள் மக்களே என்றேன். தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனான்.

அத்தான் ஏர்போர்ட்டில். கிளம்பிவிட்டார்.

மே 26

ஸ்லீப்பருக்கு 48 மணி நேரத்துக்கு முன்னால் ரத்து செய்தால் ஆளுக்கு 120 ரூபாய் பிடிப்பார்கள். அதற்கு அப்புறம் கால் பங்கு போகும். அப்படியானால் இன்று காலை பத்து மணிக்குள். பார்க் டிக்கெட் நல்லவேளை இன்னும் எடுக்கவில்லை. ஒரு ரூம், அதற்கும் காசு அங்கே போய்க் கொடுப்பதாகத்தான் சொன்னது.

9.20. அத்தான் வெளியே வந்துவிட்டார். "மழை பேயுது, ரத்து பண்ணிட்டியா?" என்று கேட்டார். பதில் சொல்லும் முன்னே பக்கத்தில் மைனி குரல். வெள்ளை போர்டு வேனோடு ஏர்போர்ட்டுக்கே போய் நிற்கிறார், புளியோதரையோடு.