"பிடுங்கின முடியை என்ன பண்ணுவீங்க?"

உச்சியில் முடி போனதும் வீட்டில் புழுவெட்டு என்றே முடிவுகட்டினார்கள். அம்மா சின்ன வெங்காயத்தை நசுக்கித் தேய்ப்பார். பிடுங்குவது நான்தான் என்று எந்த வாயால் சொல்வது? தோல் டாக்டர் லென்ஸ் வைத்துப் பார்த்ததுமே கண்டுபிடித்துவிட்டார். புழுவெட்டு என்றால் அந்த இடம் வழவழவென்று இருக்குமாம். என் தலையிலோ முடி அறுந்து அறுந்து, ஒன்று நெட்டையும் ஒன்று குட்டையுமாக நின்றது. ட்ரைக்கோட்டிலோமேனியா, அதாவது தன் முடியைத் தானே பிடுங்கும் கோளாறு, என்று எழுதி மனநலப் பிரிவுக்கு அனுப்பினார். 1889லேயே அல்லோபோ என்ற பிரெஞ்சு தோல் மருத்துவர் வைத்த பெயர். நானோ இந்தக் கிறுக்கு எனக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தேன்.

குரூப் தெரபியில் முதலில் யாருமே வாய் திறக்கவில்லை. "பிடுங்கின முடியை என்ன பண்ணுவீங்க?" என்று சைக்காலஜிஸ்ட் மேடம் சாதாரணமாகக் கேட்டார். தாடியைப் பிடுங்கும் அண்ணன் ஒருவர், வேரை உதட்டில் உரசிப் பார்ப்பேன் என்றார். இமை முடியைப் பிடுங்கும் கல்லூரிப் பெண் சட்டென்று "நானும்தான்" என்றாள். என் விரல் சொரசொரப்பான முடியாகத் தேடும். வெள்ளை வேரோடு வந்தால்தான் திருப்தி. டாக்டரிடம் தனியாக இருக்கும்போது சொல்லக் கூசியதை அங்கே சொல்ல முடிந்தது. யாராவது விழுங்கினால் மறைக்காதீர்கள், வயிற்றில் உருண்டையாகச் சேர்ந்து ஆபரேஷன் வரை போகும் என்றார் மேடம்.

பிறகு நோட்டு. எந்த நேரம், எந்தக் கை, அப்போது என்ன செய்துகொண்டிருந்தோம் என்று எழுத வேண்டும். எழுதிப் பார்த்தால் பாதி எனக்கே தெரியாமல் நடந்திருக்கிறது: இடது முழங்கை மேஜையில் ஊன்றினால் போதும், கை தலைக்குப் போய்விடும். மற்றொரு பாதி கண்ணாடி முன்னால், தெரிந்தே செய்வது. முதலாவதற்குக் கட்டை விரலில் பேண்ட் எய்டு, கை எழும்பும்போதே முஷ்டியை மடக்கி ஒரு நிமிடம் வைத்திருப்பது. 1973ல் அஸ்ரின், நன் என்ற இரு உளவியலாளர்கள் வகுத்த பழக்க மாற்றுப் பயிற்சி இதுதான். கண்ணாடி விஷயத்துக்கு இது எனக்குப் போதவில்லை. பிளக்கரை அம்மாவிடம் கொடுத்தேன், பாத்ரூம் பல்பை மங்கலாக்கினேன். அதற்கும் மேல் வரும், பிடுங்கத் தூண்டும் அரிப்பை அது தானாக அடங்கும்வரை பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டியிருந்தது.

எனக்குப் பிடிக்காத ஒன்றும் உண்டு. பிடுங்காமல் வாரத்தை ஓட்டியவர்களுக்குக் கைதட்டினோம். மறுவாரமே இமைப் பெண் வரவில்லை. கைதட்டலை விட்டுவிடலாம் என்று தாடி அண்ணன் சொல்ல, மேடமும் ஒப்புக்கொண்டார். அவள் திரும்பி வந்தாள்.

உச்சியில் இப்போது முடி வளர்ந்திருக்கிறது, வகிடு எடுக்கலாம். ஆடிட் சமயத்தில் மட்டும் கை இன்னும் போகிறது. அப்போது நோட்டை மறுபடி எடுக்கிறேன், அண்ணனுக்கு வாட்ஸ்அப்பில் சொல்லிவிடுகிறேன்.