சலூன் நாற்காலியில் ரெட் சாக்ஸ் வழக்கு

பாஸ்டனுக்குத் தெற்கே, குவின்சி நகரில் நான் முடிவெட்டிக்கொள்ளும் கடையில், ஜனவரி மாதத்துச் சனிக்கிழமைகளில்தான் பேஸ்பால் பேச்சு உச்சத்தில் இருக்கும். ஆட்டப் பருவம் தொடங்க இன்னும் இரண்டு மாதங்களுக்கு மேல் இருப்பதாலும், புதிதாகப் பேச எதுவும் இல்லாததாலும் பழைய கணக்குகள் அனைத்தும் மீண்டும் பிரிக்கப்படும். அந்தப் பேச்சைக் கேட்பவர்கள், 2004, 2007, 2013, 2018 ஆகிய ஆண்டுகளில் கோப்பையை வென்ற, பாஸ்டனின் பேஸ்பால் அணியான ரெட் சாக்ஸைப் பற்றித்தான் இவர்கள் பேசுகிறார்கள் என்று நம்பவே மாட்டார்கள். வெற்றிகள் ஒரே வரியில் முடிந்துவிடும். தோல்விகளுக்கோ பாகப்பிரிவினை வழக்கைப் போல வாய்தாவுக்கு மேல் வாய்தா.

சென்ற சனிக்கிழமை, என் கழுத்தைச் சுற்றித் துணியைக் கட்டி முடித்த நேரத்தில், சுவரோரம் அமர்ந்திருந்த பெரியவர் ஒருவர், அணியின் வரலாற்றிலேயே மோசமான மேலாளர், அதாவது களத்தில் அணியை நடத்துபவர், கிரேடி லிட்டில்தான் என்று அறிவித்தார். 2003ஆம் ஆண்டு, பரம எதிரியான நியூயார்க் யாங்கீஸ் அணிக்கு எதிரான அமெரிக்கன் லீக் இறுதித் தொடரின் ஏழாவது ஆட்டத்தில், 5-2 என்று முன்னிலையில் இருந்த எட்டாவது இன்னிங்ஸில் (மொத்தம் ஒன்பது; சமனானால் நீளும்), களைத்துப்போயிருந்த பெட்ரோ மார்ட்டினெஸிடம் நடந்து போய்ப் பேசிவிட்டு, அவரையே தொடர்ந்து பந்தெறியச் சொல்லித் திரும்பி வந்தவர் அவர். அந்த இன்னிங்ஸிலேயே ஆட்டம் சமனானது. 11ஆவது இன்னிங்ஸில் யாங்கீஸின் ஆரோன் பூன் பந்தை எல்லைக்கு வெளியே பறக்கவிட்டு அடித்த ஹோம் ரன்னோடு பாஸ்டனின் கதையும், பிறகு லிட்டிலின் வேலையும் முடிந்தன. அதே பூன் பின்னாளில் யாங்கீஸின் மேலாளராகவே வந்து அமர்ந்ததையும் பெரியவர் லிட்டிலின் கணக்கிலேயே எழுதினார்.

முடிவெட்டுபவருக்கு இது சம்மதமில்லை. அவருடைய குற்றவாளி, 1986இல் மேலாளராக இருந்த ஜான் மெக்நமாரா. மெட்ஸ் அணிக்கு எதிரான கோப்பை இறுதித் தொடரின் ஆறாவது ஆட்டத்தில், கணுக்கால் வலியோடு ஆடிக்கொண்டிருந்த பில் பக்னருக்குப் பதிலாக டேவ் ஸ்டேப்பிள்டனை முதல் பேஸில் நிறுத்தியிருந்தால் கோப்பை அன்றே வந்திருக்கும் என்பது அவர் கட்சி. அன்று பந்து பக்னரின் கால்களுக்கிடையே புகுந்து ஓடிவிட்டது. அதைச் சொன்னதோடு நில்லாமல், ஓடிக்கொண்டிருந்த மெஷினை ஒரு கையில் பிடித்தபடியே கால்களை அகட்டிக் குனிந்து, மறு கையால் பவுடர் டப்பாவைத் தம் கால்களுக்கிடையே உருட்டியும் காட்டினார். டப்பா வாசல் வரை போய், மூடி கழன்று, மிதியடியெல்லாம் வெள்ளையானது. பக்னரிடம் பந்து வருவதற்கு முன்பே ஆட்டம் சமனாகிவிட்டது, அதற்குப் பிறகு ஏழாவது ஆட்டமும் இருந்தது என்று இன்னொரு பெரியவர் எடுத்துச் சொன்ன நியாயம், பவுடரைக் கூட்டும் சத்தத்தில் எடுபடவில்லை. என் தலையில் அப்போது இடப்பக்கம் மட்டும் வெட்டி முடிந்திருந்தது.

அடுத்து வந்தது வீரர் பரிமாற்றம். 1990இல் லேரி ஆண்டர்சன் என்ற பந்தெறிபவருக்காக ஜெஃப் பாக்வெல் என்ற இளைஞரை ஹூஸ்டனுக்குக் கொடுத்தார்கள். வந்தவர் அந்தப் பருவத்தில் 22 இன்னிங்ஸ் எறிந்துவிட்டுப் போய்விட்டார். போனவரோ 1994இல் நேஷனல் லீக்கின் மிகச் சிறந்த வீரராகி, 2017இல் பேஸ்பால் சாதனையாளர்களுக்கான ஹால் ஆஃப் ஃபேமிலும் இடம்பெற்றார். 1997இல் ஹீத்கிளிஃப் ஸ்லோகம்ப் என்ற ஒரே ஒருவரைக் கொடுத்து, 2004 கோப்பைக்குத் தோள்கொடுத்த டெரெக் லோ, ஜேசன் வாரிடெக் ஆகிய இருவரையும் சியாட்டிலிடமிருந்து வாங்கியதற்கு ஒரு சிலையே வைக்கலாம் என்பது என் எண்ணம். ஆனால் லாபக் கணக்கை அந்தக் கடையில் யாரும் காது கொடுத்துக் கேட்பதில்லை. 2020இல் நட்சத்திர வீரர் மூக்கி பெட்ஸ் டாட்ஜர்ஸ் அணிக்குப் போனதைப் பற்றிப் பேச்செடுத்த இளைஞரைப் பெரியவர்கள் இருவரும், அந்தக் காயம் இன்னும் ஆறவில்லை என்று கையமர்த்திவிட்டார்கள்.

விருதுகளின் முறை வந்தபோது வலக் காதுக்கு மேலே கத்தரி நடுங்கத் தொடங்கியது. 1999இல் 23 வெற்றிகளும் 313 ஸ்ட்ரைக் அவுட்களும் (பந்தடிப்பவரை வெளியேற்றுவது) எடுத்த மார்ட்டினெஸின் பெயரை, மிகச் சிறந்த வீரர் விருதுக்கு வாக்களித்த பத்திரிகையாளர்களில் இருவர் தங்கள் பட்டியலில் எந்த இடத்திலுமே எழுதவில்லை. விருது ஐவன் ரோட்ரிகஸுக்குப் போனது. 1947இல் ரெட் சாக்ஸின் டெட் வில்லியம்ஸ் ஒரே ஒரு புள்ளியில் யாங்கீஸின் ஜோ டிமாஜியோவிடம் விருதை இழந்ததையும் சேர்த்துக்கொண்டு, பத்திரிகையாளர்கள் அனைவரும் ஒட்டுமொத்தமாகக் கண்டிக்கப்பட்டார்கள்.

இந்த நேரம் பார்த்துப் பார்சல் கொடுக்க ஒருவர் யாங்கீஸ் தொப்பியோடு உள்ளே வந்தார். கையெழுத்து வாங்கிக்கொண்டே, "பேப் ரூத்தை எங்களுக்குக் கொடுத்ததைவிட மோசமான பரிமாற்றம் உண்டா?" என்று கேட்டார். அதுவரை எதிரெதிர்க் கட்சியாக இருந்த மூவரும் ஒரே குரலில், "அது பரிமாற்றம் அல்ல, விற்பனை!" என்றார்கள். பேஸ்பாலின் மாபெரும் வீரரான ரூத்தை 1919 டிசம்பரில் உரிமையாளர் ஹாரி ஃப்ரேஸி பணத்துக்காக விற்றது எந்த மேலாளரின் கணக்கிலும் சேராது என்று விளக்கம் தொடங்குவதற்குள், தொப்பிக்காரர் புன்னகையோடு வெளியேறிவிட்டார். சாவகாசமாகக் கிருதாவைச் சரிசெய்ய வேண்டிய கை, கோபத்தில் ஒரு பக்கக் கிருதாவையே எடுத்துவிட்டது; சமன் செய்ய மற்றதும் போனது.

ஒருவழியாக எழுந்து பணம் கொடுத்துவிட்டு, எனக்கு முன்பிருந்தே காத்திருந்த முதல் பெரியவரிடம், "உங்களை வெகுநேரம் காக்க வைத்துவிட்டேன், வந்து உட்காருங்கள்" என்றேன். அவர் தமது பளிச்சென்று மழிக்கப்பட்ட பிடரியைத் தடவிக் காட்டினார்.

"எனக்குக் காலையிலேயே வெட்டியாகிவிட்டது. யாங்கீஸைவிட 14 ஆட்டங்கள் முன்னால் இருந்துவிட்டு, கடைசியில் அவர்களுடைய பக்கி டென்ட்டிடம் தோற்றோமே, அந்த 1978க்கு நாங்கள் இன்னும் வரவே இல்லை."