பிரவுசரைத் திறந்ததும் வேலைக்கான பக்கங்கள் தானாக வர நான் செய்த அமைப்புகள்

கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் நான் முதலில் திறப்பது பிரவுசரைத்தான், பலருக்கும் அப்படித்தான் இருக்கும். திறந்தால் ஒரு காலி டேப், நடுவில் தேடல் பெட்டி, அதன் கீழே அடிக்கடி போகும் தளங்களின் ஐகான்கள், சில பிரவுசர்களில் அதற்கும் கீழே செய்தித் தலைப்புகள். அங்கிருந்து மெயில், அப்புறம் காலண்டர், வேலைப் பட்டியல், குழுவில் எல்லோரும் நிரப்பும் ஷீட் என்று ஒவ்வொன்றாகத் தட்டித் திறக்க வேண்டும். தினமும் அதே பக்கங்கள், ஏறக்குறைய அதே வரிசை. ஒவ்வொரு பக்கத்துக்கும் சில நொடிகள்தான் ஆகும், ஆனால் நாள் தொடங்கும்போதே கவனம் சிதறுவது அந்த நொடிகளில்தான். மெயில் முகவரியின் முதல் இரண்டு எழுத்தைத் தட்டும்போதே பிரவுசர் வேறு ஏதோ தளத்தைக் காட்டும், கை அங்கே போய்விடும். பிரவுசரின் ஸ்டார்ட்டப் அமைப்பை உட்கார்ந்து சரியாகச் செய்துவிட்டால் இது தீரும் என்று தோன்றியது. தீர்ந்தது. எப்படிச் செய்தேன் என்று எழுதி வைக்கிறேன், இதே நிலையில் இருக்கும் யாருக்காவது உதவும்.

செட்டிங்ஸுக்குள் போவதற்கு முன் ஹிஸ்டரியைத் திறந்து பார்த்தேன். விண்டோஸில் கன்ட்ரோலும் எச்சும் சேர்த்து அழுத்தினால் வந்துவிடும். சில நாட்களின் காலை நேரத்தை மட்டும் வரிசையாகப் பார்த்தபோது, நான் "அடிக்கடி போகும் பக்கம்" என்று மனதில் வைத்திருந்தவற்றில் பாதி, காலையில் திறந்து உடனே மூடியவை என்று தெரிந்தது. அதனால் ஒரே ஒரு கேள்வியை வைத்து வடிகட்டினேன்: இந்தப் பக்கம் திறந்ததும் அதில் ஏதாவது செய்கிறேனா, அல்லது சும்மா பார்க்கிறேனா? செய்வதற்கான பக்கம் மட்டும் பட்டியலில் நின்றது. செய்தித் தளம், வீடியோ தளம், சமூக வலைத்தளம் எல்லாம் வெளியே. அவற்றைப் பார்க்கக் கூடாது என்று இல்லை, வேண்டும்போது நானே போய்க்கொள்ளலாம், அவை தானாக வந்து நிற்க வேண்டாம் என்பதுதான் என் எண்ணம்.

இங்கே பலர் குழம்பும் ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். பிரவுசரில் மூன்று தனித்தனி பக்கங்கள் இருக்கின்றன. பிரவுசர் முதலில் தொடங்கும்போது வருவது ஸ்டார்ட்டப் பக்கம். வீடு போன்ற ஐகானை அழுத்தினால் வருவது ஹோம் பக்கம். பிளஸ் குறியை அழுத்தினால் வருவது நியூ டேப் பக்கம். குரோமில் இவை மூன்றும் வெவ்வேறு இடத்தில் இருக்கும் வெவ்வேறு அமைப்புகள், ஹோம் பட்டன் அமைப்பு தோற்றம் சம்பந்தமான பகுதிக்குள் இருக்கிறது. அங்கே முகவரியைப் போட்டுவிட்டு "பிரவுசர் திறக்கும்போது வரவில்லையே" என்று தேடுபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

குரோமில் மேலே வலது மூலையில் உள்ள மூன்று புள்ளிகள், செட்டிங்ஸ், இடது பக்கப் பட்டியலில் ஆன் ஸ்டார்ட்டப். அங்கே மூன்று தேர்வுகள் இருக்கும்: காலி டேப்பைத் திறப்பது, கடைசியாக விட்ட இடத்திலிருந்து தொடர்வது, நாம் சொல்லும் குறிப்பிட்ட பக்கங்களைத் திறப்பது. இரண்டாவது தேர்வைத்தான் பலரும் விரும்புவார்கள், எனக்கும் முதலில் அதுதான் சுலபமாகத் தெரிந்தது. கொஞ்ச நாள் அப்படியே வைத்தும் பார்த்தேன். நேற்று படித்துக்கொண்டிருந்தது, தேடிக்கொண்டிருந்தது, பாதியில் விட்டது எல்லாம் அப்படியே திரும்பி வரும். ஒரே ஆய்வில் பல நாட்கள் மூழ்கியிருப்பவர்களுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. என் வேலை அப்படி இல்லை, தினமும் காலையில் புதிதாக வந்த விஷயங்களிலிருந்து தொடங்குவது. அதற்கு நேற்றைய டேப்கள் குறுக்கே நிற்கின்றன. தவிர, இந்தத் தேர்வில் இன்னொன்றும் இருக்கிறது: பிரவுசரை மூடினால் அழிந்துபோக வேண்டிய தற்காலிக லாகின் குக்கீகளும் இதனால் தங்கிவிடும். அதாவது, ஜன்னலை மூடினாலே லாக் அவுட் ஆகிவிடும் என்று நாம் நம்பும் தளங்களில்கூட, மறுபடி திறக்கும்போது உள்ளேயே இருப்போம். சொந்தக் கம்ப்யூட்டரில் அது வசதி, பலர் பயன்படுத்தும் கம்ப்யூட்டரில் ஆபத்து. நான் மூன்றாவது தேர்வுக்கு வந்தேன்.

அப்படியென்றால் நேற்று விட்டது வேண்டுமானால் என்ன செய்வது? கன்ட்ரோல், ஷிஃப்ட், டி மூன்றையும் சேர்த்து அழுத்தினால் கடைசியாக மூடிய டேப்போ ஜன்னலோ திரும்ப வரும். வேண்டிய அன்று மட்டும் அழுத்துகிறேன்.

எந்த முகவரியைக் கொடுப்பது என்பதுதான் இந்த வேலையில் முக்கியமான பகுதி, நேரம் உண்மையில் மிச்சமாவதும் இங்கேதான். பலரும் தளத்தின் முகப்பு முகவரியைக் கொடுத்துவிட்டு நிறுத்திவிடுவார்கள். முகப்பு வந்த பிறகு உள்ளே இரண்டு மூன்று கிளிக் செய்ய வேண்டியிருந்தால் பாதி வேலை நம் தலையில்தான் இருக்கிறது. நான் ஒவ்வொரு தளத்திலும் காலையில் உண்மையில் எந்தத் திரையில் வேலை தொடங்குகிறேனோ அதுவரை போய், அங்கே முகவரிப் பட்டையில் இருப்பதை எடுத்தேன். ஜிமெயிலில் படிக்காத மெயில்களை மட்டும் தேடிப் பாருங்கள், அந்தத் தேடல் முகவரியின் கடைசியிலேயே வந்து உட்காரும். அந்த முகவரியையே ஸ்டார்ட்டப் பக்கமாகக் கொடுத்தால் இன்பாக்ஸ் முழுவதும் வராமல் படிக்காதவை மட்டும் வரும். கூகுள் காலண்டரில் நாள், வாரம், மாதம் என்று எந்தப் பார்வையில் இருக்கிறோமோ அது முகவரியில் இருக்கும். எனக்கு வாரப் பார்வை. கூகுள் ஷீட்டில் கீழே உள்ள ஒவ்வொரு தாளுக்கும் ஓர் எண் உண்டு, அது முகவரியின் வாலில் வரும், அதனால் பல தாள்கள் உள்ள கோப்பில் நேராக நமக்கு வேண்டிய தாளுக்கே போகலாம்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். லாகின் பக்கத்தின் முகவரியை எடுக்கக் கூடாது. அந்த நேரத்துக்கு மட்டும் செல்லுபடியாகும் நீளமான குறியீடுகள் அதில் ஒட்டியிருக்கும், மறுநாள் அதே முகவரி பிழைப் பக்கத்தைக் காட்டும். உள்ளே நுழைந்த பிறகு, பக்கம் முழுதாக வந்த பிறகு எடுப்பதே சரி. எடுத்த முகவரியை இன்னொரு டேப்பில் ஒட்டிப் பார்த்து அதே திரை வருகிறதா என்று சோதித்தபின்தான் பட்டியலில் சேர்த்தேன். அதேபோல, திறந்தாலே ஏதாவது செய்துவிடும் முகவரிகளையும் தவிர்த்தேன். புதிய டாக்குமென்ட்டை உடனே தொடங்கித் தரும் குறுக்கு முகவரிகளைக் கூகுள் 2018 முதல் தருகிறது, மிக அருமையானவை, புக்மார்க்கில் வைத்திருக்கிறேன். ஆனால் ஸ்டார்ட்டப்பில் வைத்தால் பிரவுசரைத் திறக்கும்போதெல்லாம் பெயரில்லாத புதுக் கோப்பு ஒன்று உருவாகி வரும். எத்தனை முறை திறந்தாலும் பாதிப்பில்லாத பக்கம்தான் ஸ்டார்ட்டப்புக்கு ஏற்றது.

சரி, முகவரிகள் தயார். குரோமில் ஒவ்வொன்றாகச் சேர்க்கவும் வழி உண்டு, இப்போது திறந்திருக்கும் பக்கங்களை அப்படியே எடுத்துக்கொள்ளவும் ஒரு பட்டன் உண்டு. இரண்டாவதுதான் நல்லது, ஏனென்றால் டேப்களை மவுஸால் இழுத்து வேண்டிய வரிசையில் வைத்துவிட்டு அந்தப் பட்டனை அழுத்தினால் வரிசையும் சேர்ந்தே பதிவாகும். வரிசைக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம் என்றால், கன்ட்ரோலுடன் 1 அழுத்தினால் முதல் டேப், 2 அழுத்தினால் இரண்டாவது என்று 8 வரை போகலாம், 9 அழுத்தினால் எப்போதும் கடைசி டேப். மேக்கில் கன்ட்ரோலுக்குப் பதில் கமாண்ட். ஆக, தினமும் ஒரே வரிசையில் டேப்கள் திறந்தால் ஒவ்வொரு பக்கத்துக்கும் நிரந்தரமாக ஓர் எண் கிடைக்கிறது. என் வேலைப் பட்டியல் 1, காலண்டர் 2, ஷீட் 3, மெயில் 4. மெயிலை வேண்டுமென்றே கடைசியில் வைத்தேன். மெயில் என்பது மற்றவர்கள் எனக்குக் கொடுக்கும் வேலை, முதலில் என் பட்டியலைப் பார்த்துவிட்டு அங்கே போனால் எதற்குப் பதில் எழுத வேண்டும், எதைத் தள்ளி வைக்கலாம் என்று தெளிவாகத் தெரிகிறது. இந்த எண்கள் கைக்குப் பழகிய பிறகு டேப்களைக் கண்ணால் தேடுவதே நின்றுவிட்டது, மொத்த ஏற்பாட்டிலும் எனக்கு மிகவும் பிடித்த பலன் இது.

மற்ற பிரவுசர்களிலும் இதே வேலையைச் செய்யலாம், வழிதான் கொஞ்சம் மாறும். ஃபயர்ஃபாக்ஸில் ஹோம் என்ற பகுதியில் நாமே முகவரி கொடுக்கும் தேர்வு இருக்கும், பல முகவரிகளை | என்ற செங்குத்துக் கோட்டால் பிரித்து ஒரே பெட்டியில் எழுதலாம். ஆனால் பொதுப் பகுதியில் பழைய ஜன்னல்களையும் டேப்களையும் திறக்கும் தேர்வு டிக் ஆகியிருந்தால் அவைதான் வரும், அதை எடுத்துவிட வேண்டும். எட்ஜில் ஏறக்குறைய குரோம் மாதிரியேதான். சஃபாரியில் ஒரு புக்மார்க் ஃபோல்டரையே காட்டி, புது ஜன்னல் திறக்கும்போது அதில் உள்ளவை எல்லாம் டேப்களாக வரும்படி வைக்கலாம். பட்டியலை மாற்ற வேண்டுமென்றால் ஃபோல்டரை மாற்றினால் போதும், இது எனக்கு நல்ல யோசனையாகத் தெரிகிறது.

வேலைக்கும் சொந்த விஷயங்களுக்கும் தனித்தனி புரொஃபைல் வைத்திருக்கிறேன். குரோமில் ஒவ்வொரு புரொஃபைலுக்கும் சொந்தமாக ஸ்டார்ட்டப் பக்கங்கள், புக்மார்க்குகள், லாகின்கள் உண்டு. இரண்டு ஜிமெயில் கணக்கு வைத்திருப்பவர்களுக்கு இது மிகவும் அவசியம். ஒரே புரொஃபைலில் இரண்டு கணக்கும் இருந்தால், எந்தக் கணக்கு முதலில் உள்ளே வந்ததோ அதற்கு 0, அடுத்ததற்கு 1 என்று முகவரியில் எண் வரும். லாகின் வரிசை மாறினால் எண்ணும் மாறி, வேலை மெயில் என்று நினைத்துத் திறந்தது சொந்த மெயிலாக இருக்கும். புரொஃபைல் பிரித்துவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை.

எல்லாம் சரியாக ஓடிக்கொண்டிருந்தபோது திடீரென்று ஒரு நாள் தெரியாத தேடல் பக்கம் ஒன்று முதலில் வந்து நின்றது. செட்டிங்ஸில் ஆன் ஸ்டார்ட்டப் பகுதிக்குப் போனால், ஓர் எக்ஸ்டென்ஷன் இந்த அமைப்பைக் கட்டுப்படுத்துகிறது என்று குரோமே சொல்லியது, பக்கத்திலேயே அதை முடக்கும் பட்டனும் இருந்தது. முடக்கி, பிறகு நீக்கியும் விட்டேன். அங்கே அப்படி எதுவும் இல்லாமலேயே தெரியாத பக்கம் வந்தால் பார்க்க வேண்டிய இன்னொரு இடம் டெஸ்க்டாப்பில் உள்ள பிரவுசர் ஷார்ட்கட்: ரைட் கிளிக், ப்ராப்பர்ட்டீஸ், டார்கெட் பெட்டி. அந்த வரியின் கடைசியில் ஒரு இடைவெளி விட்டு எந்த முகவரியை எழுதினாலும் அந்த ஷார்ட்கட் வழியாகத் திறக்கும்போது அது வரும், வேண்டாத மென்பொருள்கள் சில அங்கேதான் தங்கள் முகவரியை ஒட்டிவிடும். இதே வழியை நமக்கும் பயன்படுத்தலாம். மாதக் கடைசியில் அறிக்கை தயாரிக்கும்போது மட்டும் தேவைப்படும் பக்கங்களுக்குத் தனி ஷார்ட்கட் ஒன்று வைத்து, அதன் டார்கெட் வரியில் முகவரிகளை ஒவ்வொரு இடைவெளி விட்டு எழுதியிருக்கிறேன், டபுள் கிளிக் செய்தால் அவை மட்டும் திறக்கும்.

அலுவலகம் கொடுத்த கம்ப்யூட்டராக இருந்தால் ஸ்டார்ட்டப் அமைப்பையே மாற்ற முடியாமல் இருக்கலாம். உங்கள் பிரவுசரை நிறுவனம் நிர்வகிக்கிறது என்ற குறிப்பு செட்டிங்ஸில் தெரிந்தால், ஸ்டார்ட்டப் பக்கங்களை நிர்வாகிகள் பாலிசி வழியாகப் பூட்டியிருக்கலாம். அப்போதும் புக்மார்க் ஃபோல்டர் கைகொடுக்கும். பக்கங்களை ஒரு ஃபோல்டரில் போட்டு, அதன் மேல் மவுஸின் நடுச் சக்கரத்தை அழுத்தினால் எல்லாம் ஒரே நேரத்தில் டேப்களாகத் திறக்கும்.

எத்தனை பக்கம் வைக்கலாம் என்று கேட்டால், என் கருத்தில் ஐந்தைத் தாண்ட வேண்டாம். ஸ்டார்ட்டப் பக்கங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் லோடாகத் தொடங்கும், மெயிலும் ஷீட்டும் காலண்டரும் கனமான பக்கங்கள், மெமரி குறைந்த கம்ப்யூட்டரில் எல்லாமே சேர்ந்து திணறும். ஃபயர்ஃபாக்ஸ் பழைய டேப்களை மீட்கும்போது கிளிக் செய்த டேப்பை மட்டும் லோடு செய்வதால் நூறு டேப் இருந்தாலும் சமாளிக்கும், ஸ்டார்ட்டப்புக்கு நாம் கொடுக்கும் பக்கங்களுக்கு அந்தச் சலுகை இல்லை. அதனால் வாரத்துக்கு ஒருமுறை தேவைப்படுபவற்றை ஃபோல்டருக்கு மாற்றிவிட்டேன்.

கடைசியாக, விண்டோஸ் தொடங்கும்போது பிரவுசரும் தானாகத் திறக்கும்படி செய்தேன். விண்டோஸ் பட்டனுடன் ஆர் அழுத்தினால் வரும் பெட்டியில் ஷெல், அடுத்து முக்காற்புள்ளி, அடுத்து ஸ்டார்ட்டப் என்று ஆங்கிலத்தில் இடைவெளி இல்லாமல் தட்டினால் ஒரு ஃபோல்டர் திறக்கும், அதில் வேலை புரொஃபைலின் ஷார்ட்கட்டைப் போட்டுவிட்டேன். லாகின் செய்துவிட்டுத் தண்ணீர் குடித்துவிட்டு வந்தால் நான்கு டேப்களும் தயாராக இருக்கும். போனில் இந்த அளவுக்கு வசதி இல்லை. ஆண்ட்ராய்டு குரோமில் ஹோம் பக்கமாக ஒரே ஒரு முகவரிதான் கொடுக்க முடியும், அங்கே வேலைப் பட்டியலை மட்டும் வைத்திருக்கிறேன்.